தப்பான சாமான்கள்

ஆகஸ்ட் 2, வெள்ளி

பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் ஷகிலா இந்த நோட்டைக் கொடுத்து, என் வீட்டுக்காரர் பேசுகிற வார்த்தைகளைத் தினமும் தேதி போட்டு எழுதச் சொன்னாள். போன திங்கட்கிழமையிலிருந்து தேதியை மட்டும் எழுதிக்கொண்டு வருகிறேன். கீழே எழுத ஒன்றுமில்லை. வெறும் தாளைப் பார்த்தால் எனக்கு எரிச்சலாக வருகிறது. அதனால் இன்றைக்கு நானே பேசிவிடுகிறேன்.

மார்ச் பதினெட்டாம் தேதி காலை பல் தேய்த்துக்கொண்டிருந்தவருக்கு வலது கையும் வாயும் இழுத்துக்கொண்டன. நாலரை மாதம் ஆகிறது. இப்போது கம்பு ஊன்றி வாசல் வரை வந்துவிடுகிறார். நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. பேச்சுதான் வரவில்லை.

முப்பத்தொரு வருஷம் என்னைத் திட்டிக்கொண்டே இருந்த மனிதர். குழம்பில் உப்பு, கதவைச் சாத்துகிற சத்தம், நான் ஜாக்கெட்டுக்கு வெட்டிய துண்டுத் துணி தரையில் கிடப்பது, எல்லாவற்றுக்கும் ஒரு திட்டு. பாய்லர் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். ஒரு திருகாணி இடம் மாறினாலும் பொறுக்காது. "ஒரு நாளாவது வாயை மூடிக்கிட்டு இருக்கக் கூடாதா" என்று நானே எத்தனை முறை கேட்டிருக்கிறேன். கேட்டது கிடைத்துவிட்டது.

மகன் செழியன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். காரை விற்க ஆள் பார்த்துவிட்டானாம். லால்குடிக்காரர் ஒருவர் இருபத்தைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வருகிறார், அதற்குள் கழுவித் துடைத்து வையுங்க என்றான். நான்தான் விற்கச் சொன்னேன். எனக்கு ஓட்டத் தெரியாது, இவரால் இனி முடியாது. நின்றே துருப்பிடிக்கவா?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

காலையில் காரை மூடியிருந்த கவரை எடுத்தேன். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். எங்கள் உறையூர்த் தெருவில் மண் பறக்கிறது, அத்தனையும் கவருக்குள் புகுந்திருக்கிறது. கூரை மேல் பூனை ஒன்று குடித்தனமே நடத்தியிருக்கிறது.

பச்சை ஜென் கார், 2003-இல் வாங்கியது. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் என்னைக் கழுவ விட்டதில்லை. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினால் ஒன்பது மணி வரை வீட்டில் யார் செத்தாலும் தெரியாது. இன்று அவரை போர்ட்டிகோவில் நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டு, ஒரு வாளித் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கிற சோப்பும் பச்சை நாரும் எடுத்துக்கொண்டு போனேன். அழுக்கு என்றால் நார்தானே? கதவில் சோப்பைப் போட்டு அழுத்தி ஒரு தேய் தேய்த்தேன்.

பின்னால் கம்பு தரையில் டக் டக்கென்று இடித்தது. திரும்பினால் இவர் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்துக்கொண்டு நிற்கிறது.

"வே... வேண்டாம்."

கேட்டது நிஜமா என்று தெரிந்துகொள்ள இன்னொரு தேய் தேய்த்தேன்.

"வேண்டாம்!"

இந்தத் தடவை முழுசாக வந்தது. கதவில் உள்ளங்கை அகலத்துக்குக் கீறல் விழுந்திருக்கிறது. விழுந்தால் விழட்டும். குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

வார்த்தை: வேண்டாம் (இரண்டு தடவை).

ஆகஸ்ட் 5

ஷகிலா நோட்டைப் பார்த்துக் கை தட்டினாள். யோசித்துச் சொல்கிற வார்த்தை மூளையில் ஒரு வழியில் வருமாம், கோபத்தில் தானாக வாய்க்கு வருவது வேறு வழியில் வருமாம். முதல் வழி அடைபட்டவர்களுக்கும் இரண்டாவது திறந்திருக்கலாமாம். திட்டுகிற பக்கம் பழுதாகவில்லை என்று எனக்குப் புரிந்தது.

பிறகு என்னைக் காட்டி, இவங்க பேர் என்ன சார் என்று கேட்டாள். இவர் என்னைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், கண் கலங்கிவிட்டது. அவள் தாளில் முட்டை போட்டாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நல்லா இருந்தப்பவே என் பேரைச் சொன்னதில்லம்மா, 'இந்தா'தான், அதுக்கு ஏன் முட்டை போடுற என்றேன். சரி, நீங்க சார் பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க, அவர் திரும்புறாரான்னு பாப்போம் என்றாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை.

ஆகஸ்ட் 7, புதன்

கதவுக் கீறலைப் பார்க்கப் பார்க்க மனது கேட்கவில்லை. இனி முறையாகச் செய்வோம் என்று பாலக்கரையில் ரபீக் பாய் கடைக்குப் போனேன். கார் சாமான் மட்டும் விற்கிற கடை. இவர் மாதம் ஒரு தடவை போய் நின்று பேசிவிட்டு, ஒரு டப்பா மெழுகு வாங்கி வருவார். பாய் இவரைப் பற்றி விசாரித்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்காரச் சொன்னார்.

பாத்திர சோப்பு என்றதும் தலையில் கை வைத்துக்கொண்டார். அது பூசின மெழுகையெல்லாம் உரித்துவிடுமாம். காருக்கென்றே ஷாம்பு இருக்கிறது, ஒரு வாளிக்கு ஒரு மூடி போதும். வாளி இரண்டு வேண்டும்: ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் வெறும் தண்ணீர். கையில் மாட்டித் துடைக்கிற பஞ்சுக் கையுறையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் மறுபடி ஷாம்பில் முக்க வேண்டும். இல்லாவிட்டால் எடுத்த மண்ணையே திருப்பித் தேய்க்கிறோம். மண் அடியில் தங்க வாளிக்குள் ஒரு சல்லடைத் தட்டு போட வேண்டும் என்றார். அதை வாங்கவில்லை, வீட்டில் பழைய இட்லித் தட்டு கிடக்கிறது.

துணி விஷயத்தில் மட்டும் பாய் என்னிடம் பாடம் கேட்டார். மைக்ரோஃபைபர் துணி நாலு விதம் எடுத்துப் போட்டார். ஊசி குத்திக் குத்திச் சொரசொரத்த என் விரல் நுனியை ஒவ்வொன்றிலும் ஓட்டிப் பார்த்தேன். நல்ல துணி விரலைப் பிடித்து இழுக்கும், மட்டமானது வழுக்கும். ஒன்று அருமையான துணி, ஆனால் ஓரத்தை நைலான் நூலால் அடித்திருந்தார்கள். அந்த ஓரமே பெயிண்டைக் கீறும் என்றேன். ஓரத் தையல் இல்லாததாக ஆறு எடுத்து, கம்பெனிப் பேர் போட்டுத் தைத்திருந்த சீட்டை அங்கேயே கத்தரித்தேன். சக்கரத்துக்குத் தனி பிரஷ், மெழுகு, பூசுவதற்கு நுரைப் பஞ்சு. கரண்டில் சுற்றுகிற பாலிஷ் மிஷினைக் காட்டினார். பழக்கமில்லாதவர்கள் ஒரே இடத்தில் பிடித்தால் பெயிண்ட் எரிந்துவிடுமாம். எனக்குத் தையல் மிஷின் ஒன்று போதும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 9

நேற்றும் இன்றும் எல்லாவற்றையும் சரியாகச் செய்தேன். போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளைப் புள்ளி விழும் என்று காவிரித் தண்ணீரைப் பிடித்து வைத்துக் கழுவினேன். சக்கரம் முதலில், கூரை அடுத்து, கீழ்ப்பக்கம் கடைசி. இவர் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஒரு வார்த்தை இல்லை.

ஆகஸ்ட் 10, சனி

இரவெல்லாம் தூக்கமில்லை. விடியும்போது புரிந்தது. சரியாகச் செய்தால் அந்த மனிதர் எதற்கு வாயைத் திறப்பார்? முப்பத்தொரு வருஷத்தில் ஒரு தடவையாவது நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கிறாரா? சாப்பிட்டுவிட்டு எழுந்து போனால் நன்றாக இருந்தது என்று அர்த்தம்.

பக்கத்து வீட்டு லூர்து அக்கா மகனைக் கூப்பிட்டு, நடுப்பகல் பன்னிரண்டு மணிக்கு வண்டியை உச்சி வெயிலில் தள்ளி நிறுத்தச் சொன்னேன். வெயிலில் ஷாம்பு காய்ந்து கறை விழும் என்று தெரிந்தேதான் வாளியைத் தூக்கினேன்.

"நிழல்" என்றார். "நிழல், நிழல்!"

ஆகஸ்ட் 12

ரபீக் பாயிடம் போய், கார் வச்சிருக்கிறவங்க பார்த்தாலே வயிறு எரியிற மாதிரி சாமான் ஏதாவது குடுங்க பாய் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். காரணத்தைச் சொன்னதும் முகம் மாறியது. பிறகு சின்னப் பையன் மாதிரி ஆகிவிட்டார். தரை தேய்க்கிற பிரஷ், உப்புத்தாள், டேஷ்போர்டில் பூசினால் எண்ணெய் வழிகிற ஒரு மட்டமான பாலிஷ் என்று பரணிலிருந்து தேடித் தேடி எடுத்தார். எதையும் நிஜமாகத் தேய்த்துவிடாதீங்கக்கா, கிட்டக் கொண்டுபோங்க, அது போதும் என்றார்.

அதுதான் கணக்கு. கிட்டக் கொண்டுபோக வேண்டும், இவர் கத்துகிற வரை கையை மெதுவாக நகர்த்த வேண்டும்.

வார்த்தைகள்: தப்பு. தள்ளு. அது இல்ல. லூசு (இது என்னைத்தான்).

ஆகஸ்ட் 14

இன்று உள்பக்கம். சீட்டுக்கு அடியில் தூசி உறிஞ்சும் மிஷினை விட்டேன். வேளாங்கண்ணி மணல் இன்னும் இருக்கிறது. செழியன் தின்ற நாவல்பழக் கொட்டை இருக்கிறது. ஓட்டுகிற சீட்டின் தண்டவாளத்தில் ஒரு சிவப்புக் கண்ணாடி வளையல் துண்டு கிடைத்தது.

அது என் வளையல். 2005, ஏதோ ஒரு சனிக்கிழமை. விமான நிலையத்துக்குப் பின்னால் இருந்த பொட்டலில் எனக்கு வண்டி ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று கூட்டிப் போனார். சொல்லிக்கொடுத்தாரா? "கிளட்ச்! கிளட்ச்சுன்னா எந்தக் காலு? உன் மெஷின்ல பெடல் மிதிக்கலியா?" என்று இரண்டு மைலுக்குக் கேட்கிற மாதிரி கத்தினார். நானும் பதிலுக்குக் கத்தி, ஸ்டியரிங்கில் அடித்தேன். வளையல் உடைந்தது. இறங்கி நடந்தே வந்தேன். இவர் முதல் கியரில் ஆட்கள் வேடிக்கை பார்க்க, என் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வந்தார். டோல்கேட் பக்கத்தில் இறங்கி இளநீர் வாங்கி நீட்டினார். நான் குடித்தேன், ஆனால் ஏறவில்லை. அன்றைக்கு நினைத்திருந்தால் ஓட்டக் கற்றுக்கொண்டிருப்பேன். வீம்பு.

வளையல் துண்டை இவர் இடது உள்ளங்கையில் வைத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"கிளட்ச்" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். இவருக்குப் பாதி வாய்தான் சிரிக்கிறது. அது போதும்.

ஆகஸ்ட் 17

செழியனிடம் வண்டி இன்னும் தயாராகவில்லை, லால்குடிக்காரரை அடுத்த மாதம் வரச் சொல் என்றேன். ஒரு சின்னக் கார் கழுவ மூணு வாரமாம்மா, நீங்கதானே விக்கணும்னீங்க என்று கடிந்துகொண்டான். தண்ணீர் வரவில்லை என்று பொய் சொன்னேன். காவிரி கரை புரண்டு ஓடுகிறது என்று டிவியில் காட்டுகிறார்களே என்றான். தேதியை மாற்ற மாட்டேன் என்றுவிட்டான்.

உண்மையை எப்படிச் சொல்வது? இவர் வாயில் வருவது எல்லாம் கார் சம்பந்தப்பட்டது. சாப்பாடு வேண்டுமா என்றால் இன்னும் தலைதான் ஆடுகிறது. பூஜை அறையில், கட்டிலில், டிவி முன்னால் ஒரு சொல் இல்லை. போர்ட்டிகோவுக்கு வந்தால்தான் என் புருஷன் வருகிறார். வண்டி போய்விட்டால் அவரும் போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பானட்டைத் தடவினால் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு தெரியும் என்று ரபீக் பாய் சொல்லியிருந்தார். தெரிந்தது, ரவை கொட்டினாற்போல. அதற்கு ஒரு களிமண் கட்டி விற்கிறார்கள். சப்பாத்தி மாவு மாதிரி பிசைந்து, ஷாம்புத் தண்ணீரைத் தெளித்து, வழுக்கிக்கொண்டே தேய்க்க வேண்டும். கட்டி கறுத்துப்போகிறது, பெயிண்ட் கண்ணாடியாகிறது. இதை மட்டும் வேண்டுமென்று தப்பாகச் செய்ய மனம் வரவில்லை. அவ்வளவு சுகமான வேலை.

பானட் நடுவில் மூன்று வட்டம் மட்டும் போகவில்லை. இருபது ஆயுத பூஜைக்கு ஒரே இடத்தில் சந்தனம் குழைத்து வைத்து, குங்குமம் வைத்து, மறுநாள் வெயிலில் காயவிட்டு, பெயிண்டே வெளுத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் சட்டம் பேசுகிறவர், அதை மட்டும் துடைக்க விடமாட்டார். சாமிக்கு வைத்தது தானாக விழ வேண்டும் என்பார். கார் கழுவுவதில் இவர் செய்த ஒரே தப்பு இதுதான்.

ஷகிலா நோட்டை எண்ணினாள். முப்பத்தெட்டு வார்த்தைகள்.

ஆகஸ்ட் 22

மழை. "மூடு" என்றார். கவரின் எந்த நுனி எந்தப் பக்கம் என்று கம்பால் காட்டினார்.

ஆகஸ்ட் 24, சனி

நாளைக்கு வருகிறார்கள். மெழுகு பூசி, காயவிட்டு, துடைத்தாகிவிட்டது. வண்டி வாங்கிய அன்று கூட இப்படிப் பளபளத்ததாக நினைவில்லை. கடைசியாக இன்னும் ஒரு வார்த்தை வாங்கிவிடலாம் என்று தோன்றியது. சமையலறைக்குப் போய், அடிப்பிடித்த குக்கர் தேய்க்கிற கம்பி நாரை எடுத்துக்கொண்டு வந்தேன். இதற்கு மேல் தப்பான சாமான் உலகத்தில் கிடையாது.

பானட்டுக்கு மேல் கையை நீட்டினேன். இவர் பேசவில்லை. இறக்கினேன். இன்னும் இறக்கினேன். ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. கம்பு தரையில் தட்டவில்லை. இவர் முகத்தில் கோபமே இல்லை. தேய்க்கவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை.

"நடிக்காத" என்றார்.

நிமிர்ந்தேன். இடது கையைத் தூக்கி, மூலையில் நான் அடுக்கி வைத்திருந்த தரை பிரஷ், உப்புத்தாள், எண்ணெய் டப்பா, எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். ஒன்றுகூடப் பிரிக்காமல் கிடந்தன. ஸ்டோர் கீப்பர் கண்ணுக்குத் தெரியாமல் போகுமா? எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். பாதி வாயால் சிரித்தார்.

"வித்துரு" என்றார்.

எனக்கு அடக்க முடியவில்லை. "வித்துட்டா அப்புறம் என்னைய எதுக்குத் திட்டுவீங்க? எதை வச்சுப் பேசுவீங்க?" என்று கேட்டேவிட்டேன். வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். ஒன்றும் வரவில்லை. கம்பி நாரை என் கையிலிருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கொடுத்தாகிவிட்டது. லால்குடிக்காரர் நல்ல மனிதர். மூன்று வட்டத்தைத் தடவி, பூஜைப் பொட்டுதானேம்மா, இருக்கட்டும் என்றார். மிச்சமிருந்த ஷாம்பையும் நல்ல துணிகளையும் அவரிடமே கொடுத்தேன். ஓரம் தைத்த துணி எப்போதும் வாங்காதீங்க என்று சொல்லி அனுப்பினேன். வண்டி தெரு முனை திரும்புகிற வரை இவர் நின்றுகொண்டே இருந்தார்.

ஆகஸ்ட் 26

இல்லை.

ஆகஸ்ட் 28

இல்லை. போர்ட்டிகோவுக்கே வர மறுக்கிறார். பொறுங்க ஆன்ட்டி என்கிறாள் ஷகிலா. பொறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன். தப்பு செய்துவிட்டேன். செழியனைக் கூப்பிட்டு வண்டியைத் திருப்பிக் கேட்கலாமா என்று போனைக் கையில் எடுத்து, வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

மார்ச் மாதத்திலிருந்து இவருக்குக் குழையக் குழைய வடித்த சோறும் தெளிந்த ரசமும்தான். தொண்டையில் சிக்கக் கூடாது என்று டாக்டர் கட்டளை. இன்று மதியமும் அதையே பிசைந்து தட்டில் வைத்து, மெல்லமாச் சாப்பிடுங்க என்று நர்ஸ் மாதிரி இனிக்க இனிக்கச் சொன்னேன். தட்டை இடது கையால் தள்ளினார்.

"என்ன... கஞ்சியா?"

எனக்கு முதலில் உறைக்கவில்லை. டாக்டர் அப்படித்தாங்க போடச் சொல்லியிருக்காரு என்றேன், அதே நர்ஸ் குரலில்.

"டாக்டருக்கே... போடு."

அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. "ஆமா, அஞ்சரை மாசமா ராத்திரி பகலாப் பாத்துப் பாத்துச் செய்யிறேன்ல, எனக்கு வேணும். வாய் வந்ததும் மொதல்ல வர்றது இதானா? திமிரு கொஞ்சமாச்சும் கொறைஞ்சிருக்கா பாரு!" என்று கத்தினேன். இவர் விடவில்லை. "உப்பு... எங்க?" என்றார். "ரசமா... இது?" என்றார். நான் பேசியதில் இருபதுக்கு ஒன்றுதான் இவரால் திருப்பிப் போட முடிந்தது, ஆனால் ஒவ்வொன்றும் குறி தவறாமல் வந்து விழுந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு போய் டொம்மென்று தொட்டியில் போட்டேன். "கதவ... மெதுவா" என்று பின்னாலேயே குரல் வந்தது. நான் கதவைச் சாத்தவே இல்லை.

சத்தம் கேட்டு லூர்து அக்கா மதில் மேல் எட்டிப் பார்த்து, என்ன வேதவல்லி, என்ன ஆச்சு, அவருக்கு ஏதும் முடியலையா என்று பதறினாள்.

"ஒண்ணுமில்லக்கா. புருஷன் பொண்டாட்டி சண்டை" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் எனக்கு அழுகை வந்துவிட்டது.